அக்கம்பக்கத்து நாடுகளுக்கெல்லாம் ஒரே டிரேட்மார்க் பதிவு வருமா? அதுவரை என்ன செய்வது?

கேட்டவர் மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் அப்பளம், வற்றல், வடகம் போட்டு விற்கிறவர். பெயருக்கு இந்தியாவில் டிரேட்மார்க் பதிவு இருக்கிறது. சரக்கு தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் போகிறது. மலேசியா, சிங்கப்பூருக்கும் ஆர்டர் வர ஆரம்பித்திருக்கிறது. "ஐரோப்பாவில் ஒரே மனுவில் 27 நாட்டுக்கும் பதிந்துவிடலாமாமே, இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் எல்லாம் சேர்ந்து இங்கேயும் அப்படி ஒன்று கொண்டுவந்தால் என்ன? வரும் என்றால் காத்திருக்கிறேன்" என்கிறார். பார்வைக்கு இது ஒரு கேள்வி. பிரித்துப் பார்த்தால் ஒரே பதிவு என்பது என்ன, நம் பக்கத்தில் ஏன் வரவில்லை, வந்தால் எப்படி வர வேண்டும் என்று மூன்று. வாய்விட்டுக் கேட்காத நாலாவதுதான் அவசரமானது: அதற்குள் கொழும்பில் வேறு ஒருவர் இந்தப் பெயரைப் பதிந்துவிட்டால்? அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காத்திருக்காதீர்கள். காரணம் போகப் போகப் புரியும்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். டிரேட்மார்க் உரிமை எல்லைக்கு உட்பட்டது. சென்னை ரெஜிஸ்ட்ரியில் வாங்கிய சான்றிதழ் ராமேஸ்வரம் கடற்கரையோடு நின்றுவிடும். தலைமன்னாரில் அது வெறும் காகிதம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 2017 டிசம்பரில் டொயோட்டா நிறுவனத்தின் 'ப்ரியஸ்' வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: உலகமெல்லாம் பேர் வாங்கியிருந்தாலும், இந்தியாவில் அந்தப் பேர் இருந்ததைக் காட்டினால்தான் இந்தியாவில் உரிமை. அதே நியாயம் நமக்கும் திரும்பும். மதுரையில் மூன்று தலைமுறையாக விற்கிறோம் என்பது கோலாலம்பூரில் தானாக எடுபடாது. இன்னொன்று, பாக்கெட்டில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தை அச்சடித்து அப்படியே கப்பலேற்றுகிறார்கள். பதிவில்லாத நாட்டில் பதிந்ததுபோலக் காட்டுவது பல நாட்டுச் சட்டங்களில் குற்றம். வெளிநாட்டு பாக்கெட்டுக்கு வேறு அச்சு போடுங்கள்.

அடுத்து 'ஒரே பதிவு' என்ற சொல். இதைச் சொல்கிறவர்கள் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளைக் கலந்து பேசுகிறார்கள், குழப்பமே அங்கேதான். முதலாவது, மனு மட்டும் ஒன்று, உரிமை நாட்டுக்கு நாடு தனி. ஒரே மனுவில் பல நாடுகளைக் குறித்துக் கேட்க உதவும் மாட்ரிட் என்ற சர்வதேச முறை இதுதான். இரண்டாவது, சட்டம் மட்டும் ஒன்று, பதிவும் மனுவும் தனித்தனி. வளைகுடா நாடுகள் ஒரே வாசகமுள்ள டிரேட்மார்க் சட்டத்தை உருவாக்கின; சவூதி, குவைத், பஹ்ரைன், ஓமன் போன்றவை அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தன. ஆனாலும் சவூதியில் பதிந்தால் குவைத்தில் பதிந்ததாகாது, இரண்டு இடத்திலும் மனுப் போட்டு, இரண்டு இடத்திலும் பணம் கட்ட வேண்டும். 'வளைகுடா முழுக்க ஒரே சட்டம்' என்று கேள்விப்பட்டு ஒரு நாட்டில் மட்டும் பதிந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. தென்னமெரிக்காவில் பொலிவியா, கொலம்பியா, எக்வடோர், பெரு ஆகிய நான்கும் 2000-லிருந்து ஒரே சட்டத்தில் இயங்குகின்றன. அங்கே ஒரு கூடுதல் வசதி: பெருவில் உரிமை உள்ளவர் கொலம்பியாவில் வரும் மனுவை எதிர்க்கலாம், கூடவே கொலம்பியாவிலும் தன் பெயருக்கு மனுப் போட்டுத் தன் அக்கறையைக் காட்ட வேண்டும். மூன்றாவதுதான் நீங்கள் மனதில் வைத்திருப்பது. மனுவும் ஒன்று, உரிமையும் ஒன்று, எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே மூச்சில்.

இந்த மூன்றாவது வகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பெரிய உதாரணம். ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் இருக்கும் அலுவலகம் 1996-லிருந்து மனுக்களை வாங்குகிறது. ஆன்லைனில் போட்டால் முதல் வகுப்புக்கு, அதாவது முதல் சரக்கு வகைக்கு, 850 யூரோ, இரண்டாவதுக்கு 50, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 150. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இவ்வளவு மலிவாக 27 நாடு கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் அதைக் கட்டியெழுப்ப எடுத்த காலத்தைப் பாருங்கள். முதல் வரைவு 1964-ல் எழுதப்பட்டது. 1988 டிசம்பரில் எல்லா உறுப்பு நாடுகளும் தங்கள் உள்நாட்டு டிரேட்மார்க் சட்டங்களை ஒரே போக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஓர் உத்தரவு. அதற்குப் பிறகே 1993-ல் பொதுப் பதிவுக்கான சட்டம். ஏறக்குறைய முப்பது வருஷம். சட்டங்களைச் சமப்படுத்தியது முன்னால், பொதுப் பதிவு பின்னால் என்ற இந்த வரிசை தற்செயலானது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரே உரிமைக்கு ஒரு விலை உண்டு. கிடைத்தால் எல்லா நாட்டிலும் கிடைக்கும், போனால் எல்லா நாட்டிலும் போகும். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில் மட்டும் பழைய பதிவு வைத்திருக்கும் சின்ன வியாபாரி ஒருவர் மூன்று மாத அவகாசத்துக்குள் எதிர்ப்பு மனுப் போட்டு வென்றால், 27 நாட்டு மனுவும் விழுந்துவிடும். ஏதாவது ஒரு நாட்டு மொழியில் அந்தச் சொல் பொருளின் பெயராகவோ தன்மையாகவோ இருந்தாலும் அதே கதி. விழுந்த மனுவைத் தடையில்லாத நாடுகளில் உள்நாட்டு மனுக்களாக மாற்றிக்கொள்ளலாம், பழைய தேதியும் நிற்கும். ஆனால் அப்போது ஒவ்வொரு நாட்டிலும் கட்டணம், ஏஜென்ட் எல்லாம் முதலிலிருந்து. மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

இதை நம் ஊர்ப் பக்கம் வைத்துப் பாருங்கள். மீனாட்சி, லட்சுமி, முருகன், அன்னபூர்ணா என்று பெயர் வைக்காத தொழில் எத்தனை? மாசி வீதிகளில் ஒரு சுற்று வந்தால் ஒரே சாமி பேரில் பத்துக் கடை. மதுரைக்குள்ளேயே இப்படி என்றால், லட்சுமிக்குக் காத்மாண்டுவிலும் கொழும்பிலும் டாக்காவிலும் ஆள் இருக்கும். புனித நூலின் பெயரைத் தனி ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015-ல் 'ராமாயண்' என்ற ஊதுபத்திப் பெயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அக்கம்பக்கத்து நாடுகள் எல்லாம் அதே அளவுகோலை வைக்கும் என்று சொல்ல முடியாது. தெற்காசியாவில் பெயர்கள் பொதுச் சொத்துபோலப் புழங்குகின்றன. ஐரோப்பிய மாதிரியை அப்படியே இங்கே இறக்கினால் சாமி, நதி, மலைப் பெயருள்ள மனுக்களில் பெரும்பகுதி எதிர்ப்பில் சிக்கும் என்பது என் கணிப்பு. கணிப்புதான், எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை.

ஐரோப்பா மட்டுமே முன்மாதிரி என்றும் இல்லை. நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் மூன்றும் 1971-லிருந்து ஒரே பதிவேடு வைத்திருக்கின்றன. அங்கே நாட்டுப் பதிவு என்ற ஒன்றே கிடையாது. பெரும்பாலும் பிரெஞ்சு புழங்கும் ஆப்பிரிக்க நாடுகள் 17 சேர்ந்து நடத்தும் ஓ.ஏ.பி.ஐ. என்ற அமைப்பு கேமரூனின் யாவுண்டே நகரில் இருக்கிறது. 1977-ன் பாங்குயி ஒப்பந்தம்தான் அத்தனை நாட்டுக்கும் உள்நாட்டுச் சட்டம், ஒரே மனுவில் 17 நாடும் வந்துவிடும். இந்த இரண்டு இடத்திலும் நாடுகள் தங்கள் தனிப் பதிவேட்டை விட்டுக்கொடுத்தன. அந்தத் தியாகம் இல்லாமல் ஓர் இடைவழி கண்டது ஆரிப்போ என்ற இன்னோர் ஆப்பிரிக்க அமைப்பு. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் இருக்கும் இந்த அமைப்பின் பாஞ்சுல் நெறிமுறை 1993-ல் ஏற்கப்பட்டு 1997-ல் நடைமுறைக்கு வந்தது. மனு ஒன்று, அதில் எந்தெந்த நாடு வேண்டும் என்று குறிக்கலாம், ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி பார்த்து வேண்டாம் என்று சொல்லலாம், ஒரு நாடு மறுத்தால் மற்றவை விழாது. இதிலும் ஓட்டை உண்டு. நெறிமுறையில் கையெழுத்திட்ட சில நாடுகள் அதைத் தங்கள் உள்நாட்டுச் சட்டத்தில் சேர்க்கவில்லை. அங்கே ஆரிப்போ பதிவு கோர்ட்டில் செல்லுமா என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது ஒரு நாள் வேலை. அதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றுவதில்தான் இழுபறி.

நம் பக்கம் வருவோம். பலருக்கு வியப்பாக இருக்கும், தெற்காசியாவின் பெரும்பகுதிக்கு ஒருகாலத்தில் ஒரே டிரேட்மார்க் சட்டம் இருந்தது. 1940-ன் டிரேட்மார்க் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்குமானது, பம்பாயில் ரெஜிஸ்ட்ரி. 1943-ல் மதுரை வியாபாரி ஒருவர் பதிந்திருந்தால் அது கராச்சியிலும் டாக்காவிலும் செல்லும். கொழும்புக்கு அப்போதும் தனிச் சட்டம். பிரிவினைக்குப் பிறகு இந்தியா 1958-லும், மறுபடி 1999-லும் சட்டத்தை மாற்றியது. பாகிஸ்தான் 2004 வரையிலும், வங்கதேசம் 2009 வரையிலும் அந்த 1940 சட்டத்தையே வைத்திருந்தன. ஆக வேர் ஒன்று, கிளைகள்தான் விலகிப்போயின. இலங்கையில் இப்போதிருப்பது 2003-ன் 36-ஆம் எண் அறிவுசார் சொத்துச் சட்டம். நேபாளத்தில் 1965-ல் வந்த சட்டம். பதிவுக் காலத்தைப் பாருங்கள்: இந்தியா, இலங்கை, பாகிஸ்தானில் பத்து வருஷம்; நேபாளத்தில் ஏழு; வங்கதேசத்தில் முதல் தவணை ஏழு, புதுப்பித்தால் பத்து. எதிர்ப்பு மனுவுக்கு இந்தியாவில் நான்கு மாதம், இலங்கையில் மூன்று, பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் இரண்டு. மாலத்தீவில் வெகுகாலம் பதிவுச் சட்டமே இல்லாமல் பத்திரிகையில் எச்சரிக்கை விளம்பரம் கொடுத்துத்தான் பெயரைக் காத்தார்கள். இத்தனை வேறுபாட்டின் மேல் ஒரே பதிவேட்டை ஏற்றினால், எந்த நாட்டுக் கணக்கில் எந்தத் தேதியில் பதிவு காலாவதியாகிறது என்பதற்கே வழக்கு நடக்கும். ஐரோப்பா 1988-ல் முதலில் சட்டங்களைச் சமப்படுத்தியது இதனால்தான்.

அரசியல் தடை எல்லோருக்கும் தெரிந்தது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சிமாநாடு 2014-க்குப் பிறகு கூடவில்லை. ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொல்வது சோம்பேறித்தனம். உண்மையான முட்டுக்கட்டை அளவில் இருக்கிறது. சார்க் மக்கள்தொகையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தியா. இந்தியாவில் வருஷத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல் டிரேட்மார்க் மனுக்கள் விழுகின்றன. ஒரே பதிவேடு என்றால் அந்த 4 லட்சமும் முதல் நாளிலிருந்தே நேபாளத்திலும் இலங்கையிலும் உரிமை கோரும். அங்கே ஒரு சின்ன ஊரில் புதுப் பெயர் வைக்கிற ஒருவருக்கு, தான் கேள்விப்பட்டே இராத இந்தியப் பதிவு குறுக்கே நிற்கும். கொழும்பு அலுவலகத்துக்கு மனுக் கட்டண வருமானமும் போகும், அங்குள்ள ஏஜென்ட்களுக்குத் தொழிலும் போகும். இதைப் பெரிய நாட்டின் ஆக்கிரமிப்பு என்று அவர்கள் சொன்னால் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு சிக்கலை யாரும் அதிகம் பேசுவதில்லை: எழுத்து. இந்திய விதிகளின்படி தமிழ் எழுத்தில் உள்ள பெயருக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் பொருளும் மனுவில் கொடுக்க வேண்டும். உங்கள் பெயர் 'தாழை' என்று வைத்துக்கொள்வோம். ரோமன் எழுத்தில் அதை டி, எச், ஏ, எல், ஏ, ஐ என்று எழுதுவார்கள். இப்போது அது தலை, தளை, தாளை எல்லாமாகவும் படிக்கும். இன்னொருவர் ழகரத்துக்கு இசட்-எச் போட்டிருப்பார். தேடும் இயந்திரத்துக்கு இவை இரண்டும் வெவ்வேறு சொல், காதுக்கு ஒன்று. கூடவே சிங்களம், வங்காளம், தேவநாகரி, உருது எழுத்துகளையும் சேருங்கள். தமிழின் ஒரு ககரம் வேறு எழுத்துகளில் நான்காகப் பிரியும். ஒலி ஒற்றுமைதான் டிரேட்மார்க் ஒப்பீட்டின் உயிர்நாடி, அதை ஒரு டெல்லிப் பரிசோதகரோ கொழும்புப் பரிசோதகரோ தனியாகச் செய்ய முடியாது. பொருள் பக்கமும் இதே தொல்லை. அப்பளம் என்றால் தமிழ்நாட்டில் பொருளின் பெயர். கேரளத்திலும் இலங்கையிலும் பப்படம். இரண்டையும் யாருக்கும் தனியுரிமையாகத் தரக் கூடாது என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கும். திம்புவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது புதுச் சொல்லாகப் படலாம்.

சரி, கட்ட வேண்டும் என்றால் எப்படி? என் கருத்தில் ஐரோப்பிய வீட்டை அல்ல, ஆரிப்போ வீட்டை, அதுவும் அஸ்திவாரத்தைச் சரியாகப் போட்டுக் கட்ட வேண்டும். முதல் வேலை பொதுத் தேடல் தளம். எல்லா நாட்டுப் பதிவேடும் ஒரே இடத்தில், எல்லா எழுத்திலும், ஒலியை வைத்துத் தேடும்படி. இதற்கு ஒப்பந்தம் பெரிதாகத் தேவையில்லை, தரவைப் பகிர்ந்தால் போதும், இறையாண்மைச் சண்டையும் வராது. அடுத்தது பொதுச் சரக்குப் பட்டியல். சரக்கையும் சேவையையும் வகுப்புகளாகப் பிரிக்கும் சர்வதேசப் பட்டியலான நீஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள் இருந்தாலும் நம் பொருள்கள் அதில் தெளிவாக உட்காருவதில்லை. உளுந்து அப்பளம், அரிசி வடகம் 30-ஆம் வகுப்பு. அதே தொழிற்கூடத்தில் காயும் சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய் உலர்ந்த காய்கறி என்பதால் 29. ஜிகர்தண்டாவை எடுத்தால் பாலே முதன்மை என்றால் 29, ஐஸ்கிரீமாக விற்றால் 30, கடையில் உட்கார்த்திப் பரிமாறினால் 43. ஒரு நாடு இப்படியும் இன்னொரு நாடு அப்படியும் போட்டால் தேடலில் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள், பதிவான பிறகு கோர்ட்டில்தான் சந்திப்பார்கள். நாடுகள் சேர்ந்து இருநூறு முந்நூறு உள்ளூர்ப் பொருள்களுக்கு வகுப்பை முடிவுசெய்து வைத்தாலே பாதித் தகராறு தீரும்.

மூன்றாவது, பதிவுக் காலம், எதிர்ப்பு அவகாசம், பயன்படுத்தாமல் விட்டால் ரத்து ஆகும் காலம் ஆகிய மூன்றையும் சமமாக்குவது. கடைசியாகச் சொன்னதில் கவனம் வேண்டும். இந்தியாவில் பதிவாகி ஐந்து வருஷம் மூன்று மாதம் வரை பயன்படுத்தாமல் இருந்தால்தான் அந்தக் காரணத்தால் ரத்துக் கோரலாம். மலேசியாவில் மூன்றே வருஷம். ஒரே பதிவாக ஆனபின் 'எந்த நாட்டில் பயன்படுத்தினால் போதும்' என்ற கேள்வி எழும். ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் 'ஓனெல்–ஓமெல்' வழக்கில், நாட்டு எல்லைகளைக் கணக்கில் எடுக்காமல் மொத்தச் சந்தையை வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. அதை இங்கே வைத்தால் சென்னையில் மட்டும் விற்கும் பெயர் பூட்டானிலும் உயிரோடு இருக்கும். பூட்டான்காரர் அதை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? ஆகவே குறித்த ஒவ்வொரு நாட்டிலும் பயன்பாடு காட்ட வேண்டும் என்று வைப்பதே நியாயம். இதெல்லாம் முடிந்தபிறகு நான்காவதாக ஒரே மனு, நாடு தேர்வு, ஒரு நாட்டின் மறுப்பு மற்றதைத் தொடாது என்ற விதி, கட்டணத்தில் குறித்த நாட்டுக்கு நேரடிப் பங்கு. பங்கு விகிதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதாமல் 'பிறகு பேசிக்கொள்ளலாம்' என்று விட்டால் அங்கேயே நிற்கும். வழக்கை அந்தந்த நாட்டு நீதிமன்றத்திலேயே விட்டுவிடலாம். பொது நீதிமன்றம் என்ற பேச்சை எடுத்தால் இந்த வேலை இன்னும் முப்பது வருஷம் தள்ளும்.

தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் கூட்டமைப்பு நாடுகளும் இந்த வழியில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தன. 1995-ல் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஆசியான் டிரேட்மார்க் முறை ஒன்றை ஆராய்வது என்று எழுதியே வைத்தார்கள். பொதுப் பதிவேடு வரவில்லை. பதிலாக ஒவ்வொன்றாக மாட்ரிட் முறையில் சேர்ந்தன: சிங்கப்பூர் 2000, பிலிப்பைன்ஸ் 2012, தாய்லாந்து 2017, இந்தோனேசியா 2018, மலேசியா 2019 டிசம்பர். இருக்கிற உலக முறையில் சேர்வது, புதிதாகப் பிராந்திய முறை கட்டுவதைவிடச் சுலபம் என்று கண்டுகொண்டார்கள். தெற்காசியாவும் அதே பாதையில் போகும் என்றே நினைக்கிறேன். பூட்டான் 2000-லும், இந்தியா 2013 ஜூலை 8-லும், ஆப்கானிஸ்தான் 2018-லும், பாகிஸ்தான் 2021-லும் சேர்ந்துவிட்டன. இலங்கை, நேபாளம், வங்கதேசம் இன்னும் உள்ளே வரவில்லை. மனுப் போடும் நாளில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின், அதாவது வைப்போவின், உறுப்பினர் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் வேலை. கொழும்புக்கு நேரடி மனுதான் வழி. அங்குள்ள தேசிய அலுவலகத்தில், இலங்கையில் குடியிருக்கும் ஏஜென்ட் மூலமாகப் போட வேண்டும். வகுப்புக்கு ஒரு மனு. ஒரு குறிப்பு: நாம் அறிவுசார் சொத்து என்பதை அங்கே தமிழில் 'புலமைச் சொத்து' என்பார்கள். அலுவலகத்தைத் தேடும்போது அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். இந்திய மனுப் போட்டு ஆறு மாதத்துக்குள் என்றால் பாரிஸ் உடன்படிக்கைப்படி இந்தியத் தேதியையே கொழும்பிலும் கோரலாம். உங்களுக்குச் சான்றிதழே வந்துவிட்டது என்பதால் அந்த ஆறு மாதம் அநேகமாகக் கடந்திருக்கும். அதனால் பதிய முடியாது என்றில்லை. கொழும்பில் மனுப் போடும் நாளே உங்கள் தேதி, அவ்வளவுதான். இதனால்தான் காத்திருக்காதீர்கள் என்றேன். நாளைக்கே பிராந்திய முறை வந்தாலும், அதற்கு முன்பு வேறு ஒருவர் வாங்கிய தேதியை அது அழிக்காது. ஐரோப்பாவிலும் பொதுப் பதிவு வந்தபோது பழைய நாட்டுப் பதிவுகள் அப்படியே நின்றன, எதிர்ப்பு மனுவுக்கு அவைதான் ஆயுதம் ஆயின. பதியாமலே நியாயமற்ற போட்டி என்று இலங்கைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவில் போராடலாம். ஆனால் பதிவுச் சான்றிதழை நீட்டுவது வேறு, பில்லும் ஷிப்பிங் காகிதமுமாகப் பேரை நிரூபிப்பது வேறு.

மலேசியா, சிங்கப்பூருக்கு மாட்ரிட் மனுப் போடலாம். இந்தியப் பதிவை அடிப்படையாக வைத்து, இந்திய ரெஜிஸ்ட்ரியின் தளம் வழியாகவே எம்.எம்.2 படிவம். அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணத்துக்கு 903. அதன்மேல் குறித்த நாட்டுக் கட்டணம், ரெஜிஸ்ட்ரியின் கையாளும் கட்டணம். பிராங்க் மதிப்பு ஏறி இறங்கும் என்பதால் ரூபாய்க் கணக்கை அன்றன்றைக்குப் பாருங்கள். வைப்போ தளத்தில் கட்டணக் கணக்குப் பக்கம் உண்டு. இரண்டே நாடு என்றால் நேரடி மனுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். துபாயும் சேர்ந்து மூன்றுக்கு மேல் போனால் மாட்ரிட் கட்டுப்படியாகும் என்பது பொதுவான அனுபவம். ஐக்கிய அரபு அமீரகம் 2021 கடைசியில் மாட்ரிட்டில் சேர்ந்துவிட்டது, சவூதி சேரவில்லை.

இந்த மனு எங்கே சிக்கும் என்றால், பெரும்பாலும் இந்தியப் பதிவோடு ஒத்துப்போகாத இடத்தில். பதிவு அப்பா பெயரில் தனி உரிமையாளராக இருக்கும். இப்போது பிள்ளைகள் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் ஆக்கியிருப்பார்கள். மாட்ரிட் மனுதாரரும் இந்தியப் பதிவின் உரிமையாளரும் எழுத்துக்கு எழுத்து ஒருவராக இருக்க வேண்டும், முதலில் இங்கே உரிமை மாற்றத்தைப் பதிவுசெய்யுங்கள். இந்தியப் பதிவில் அப்பளம் மட்டும் இருந்தால் மாட்ரிட்டில் ஊறுகாயைச் சேர்க்க முடியாது. படமும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் பதிவு தமிழ் எழுத்து லேபிளாக இருந்து, மலேசியா பாக்கெட்டில் ரோமன் எழுத்துதான் பெரிதாக இருக்கிறது என்றால், பதிந்தது ஒன்று, பயன்படுத்துவது ஒன்று என்றாகிவிடும். அப்படியானால் ரோமன் எழுத்துச் சொல்லுக்கு இந்தியாவில் புது மனு ஒன்று போட்டு, ஆறு மாதத்துக்குள் அதன்மேல் மாட்ரிட்டையும் கொழும்பு மனுவையும் கட்டுவது நல்லது, அந்தத் தேதி மூன்று இடத்திலும் நிற்கும். தனிநபர், சிறு தொழில் என்றால் இந்தியாவில் ஆன்லைன் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய்தான்.

மாட்ரிட்டின் பெரிய பலவீனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வதேசப் பதிவுத் தேதியிலிருந்து ஐந்து வருஷம் அது இந்திய அடிப்படையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதற்குள் இந்தியாவில் எதிர்ப்பிலோ ரத்து வழக்கிலோ அடிப்படை விழுந்தால் மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே விழும். மூன்று மாதத்துக்குள் அந்தந்த நாட்டு மனுவாக மாற்றித் தேதியைக் காப்பாற்றலாம், செலவு மட்டும் இரட்டிப்பு. ஆகவே புது மனுவின் மேல் கட்டுவதானால், இந்தியாவில் முதலில் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். குறித்த நாடுகள் மறுப்புச் சொல்ல 12 அல்லது 18 மாதம் எடுத்துக்கொள்ளும். மறுப்பு வந்தால் உள்ளூர் ஏஜென்ட் இல்லாமல் பதில் தருவது கடினம், அந்தச் செலவுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

பெயரில் 'மதுரை' முக்கியச் சொல்லாக இருந்தால் இன்னொரு விஷயம். ஊர்ப் பெயரைத் தனியொருவருக்கு டிரேட்மார்க்காக எளிதில் தரமாட்டார்கள். சுங்குடிச் சேலைக்கு 2005-லும் மதுரை மல்லிக்கு 2013-லும் கிடைத்தது புவிசார் குறியீடு. அது ஊரின் எல்லாத் தயாரிப்பாளருக்குமான தனிச் சட்டம். மாட்ரிட் அதைச் சுமக்காது.

உங்கள் சான்றிதழையும் லேபிளையும் பார்க்காமல் பெயர் அங்கே தேறுமா என்று சொல்ல முடியாது; அதற்குக் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் தேடல் அறிக்கை வாங்க வேண்டும். அதற்கு முன்பே இன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொழும்பில் சரக்கு எடுக்கும் இறக்குமதியாளரோடு இருக்கும் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு வரிகூட இல்லாதது மிகச் சாதாரணம். 'இந்தப் பெயரும் லேபிளும் தயாரிப்பாளருடையவை. இறக்குமதியாளர் தன் பெயரில் எங்கும் பதியக் கூடாது. பதிந்திருந்தால் செலவின்றி மாற்றித் தர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஏஜென்ட் தன் பெயரில் பதிந்துகொள்வதை எதிர்க்கப் பாரிஸ் உடன்படிக்கையில் இடம் இருக்கிறது என்றாலும், அவர் வெறும் சரக்கு வாங்கியவரா உங்கள் ஏஜென்டா என்பதிலேயே வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். ஒப்பந்தமே இல்லாமல் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி அனுப்புகிறீர்கள் என்றால், அடுத்த இன்வாய்ஸின் அடியிலாவது இந்த மூன்று வரியையும் அச்சடித்து, பெற்றுக்கொண்டதாக அவரிடமிருந்து ஒரு பதில் மெயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.